மென்படலமா, வெண்தூளா? – படையமைப்பு ஐதரொட்சைட்டுகளை மேற்பரப்பில் வளர்த்தல்

க.பொ.த. (உயர் தரம்) – இரசாயனவியல் – துணைப்பாடம்

தொடர்புடைய அலகுகள்: கரைதிறன் சமநிலை, மின்னிரசாயனம், உலோகங்களின் ஐதரொட்சைட்டுகள்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• படையமைப்பு ஐதரொட்சைட்டின் கட்டமைப்பை விளக்கவும்,
• அயன்களின் ஏற்றங்களைச் சமப்படுத்தி அதன் அமைப்பைக் கூறவும்,
• ஐதரொட்சைட்டு வீழ்படிவாகத் தொடங்கும் பி.எச். பெறுமானத்தைக் கணிக்கவும்,
• ஒரே பொருள் ஓரிடத்தில் படலமாகவும் வேறோரிடத்தில் தூளாகவும் உண்டாவது ஏன் எனக் காரணம் கூறவும் முடியும்.

1. கூரையிலிருந்து தொடங்குவோம்

மாணவர்களே, பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் லயன் வீடுகள், கொழுந்து மடுவங்கள், தேயிலைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கூரைகள் பலவற்றில் தகரத்தைக் காணலாம். இத்தகரம் உண்மையில் இரும்புத் தகடாகும். அதன் இரு பக்கங்களிலும் நாகம் பூசப்பட்டிருக்கும். இம்முறை கல்வனைசுப்படுத்தல் எனப்படும்.

புதிய தகரம் பளபளப்பானது. கூரையில் ஏற்றிச் சில மாதங்கள் சென்றதும் அது மங்கிச் சாம்பல் நிறமாகும். அதன் பின்னர் பல ஆண்டுகளுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஆனால் கூரை மாற்றுவதற்காக வாங்கிய தகரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வடகீழ்ப் பருவமழையில் நனையவிட்டால் நிகழ்வது வேறு. சில வாரங்களில் கட்டைப் பிரித்துப் பார்த்தால் தகரங்களின் இடையே வெள்ளைத் தூள் படிந்திருக்கும். இதனை வெண்துரு என்பர். தூளைத் துடைத்தால் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் நாகப் பூச்சும் குறைந்திருக்கும்.

இரண்டு இடங்களிலும் முதலில் நிகழும் தாக்கம் ஒன்றே.

2 நாகம் + ஒட்சிசன் + 2 நீர் → 2 நாக ஐதரொட்சைட்டு

கூரையில் உள்ள தகரம் நனைவதும் உலர்வதுமாக இருக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் அதனைத் தாராளமாக அடையும். எனவே இரண்டாம் தாக்கமும் நிகழும்.

5 நாக ஐதரொட்சைட்டு + 2 காபனீரொட்சைட்டு → நாக ஐதரொட்சி காபனேற்று + 2 நீர்

நாக ஐதரொட்சி காபனேற்றில் 5 நாக அயன்களுக்கு 6 ஐதரொட்சைட்டு அயன்களும் 2 காபனேற்று அயன்களும் உள்ளன. இது ஐதரோசிங்கைற்று எனும் கனியமாக இயற்கையிலும் கிடைக்கும். இதன் கட்டமைப்பு படைபடையானது. நீரில் மிக அரிதாகவே கரையும். தகட்டின் மீது மெதுவாக, இறுக ஒட்டி வளர்வதால் உள்ளேயுள்ள நாகத்தை இது காக்கும்.

அடுக்கிய தகரங்களின் இடையே நீர் உலராது; காபனீரொட்சைட்டும் போதியளவு உட்செல்லாது. அங்கே பெரும்பாலும் நாக ஐதரொட்சைட்டுத் தூளே பருத்து உண்டாகும். அது தகட்டில் ஒட்டாது. ஒட்டாத பொருளால் காக்கவும் முடியாது.

இவ்வாறு, ஐதரொட்சைட்டு எந்த வேகத்தில், எவ்விடத்தில் உண்டாகின்றது என்பதே அது படலமா தூளா என்பதைத் தீர்மானிக்கின்றது. இதுவே இப்பாடத்தின் மையக் கருத்து. ஆய்வுகூடங்களில் படையமைப்பு ஐதரொட்சைட்டு மென்படலங்களை வளர்ப்போரும் இதே விதியைக் கொண்டே வேலை செய்கின்றனர்.

2. படையமைப்பு என்றால் என்ன?

எளிய உதாரணமாக மகனீசியம் ஐதரொட்சைட்டை எடுத்துக்கொள்வோம். இதன் கனிய வடிவம் புரூசைற்று எனப்படும்.

• ஒவ்வொரு மகனீசியம் அயனையும் சூழ 6 ஐதரொட்சைட்டு அயன்கள், ஓர் எண்முகியின் ஆறு உச்சிகளில் உள்ளன.
• அடுத்தடுத்த எண்முகிகள் தமது விளிம்புகளைப் பங்கிட்டுக்கொள்வதால் பரந்த, தட்டையான ஒரு படை உண்டாகின்றது.
• ஒவ்வொரு ஐதரொட்சைட்டு அயனும் 3 மகனீசியம் அயன்களுக்குப் பொதுவானது. ஆகவே ஒரு மகனீசியத்துக்கு உரியவை 6 × 1/3 = 2 ஐதரொட்சைட்டு அயன்கள். சூத்திரத்தில் 2 ஐதரொட்சைட்டு வருவது இதனாலேயே.
• படைக்குள் பிணைப்புகள் வலிமையானவை. படைக்கும் படைக்கும் இடையிலான கவர்ச்சி நலிவானது.

இப்படையில் உள்ள மகனீசியம் அயன்களுட் சிலவற்றை அகற்றி, அவ்விடத்தில் அலுமினியம் அயன்களை வைப்பதாகக் கொள்வோம். 2+ ஏற்றமுள்ள இடத்தில் 3+ வருவதால், ஒவ்வொரு மாற்றீட்டுக்கும் படை ஓர் அலகு நேரேற்றம் பெறும். அதனை நடுநிலையாக்க, காபனேற்று, நைத்திரேற்று, குளோரைட்டு போன்ற அனயன்கள் நீர் மூலக்கூறுகளுடன் படைகளின் இடையே புகும். இரு வகை உலோக அயன்கள் ஒரே படையில் இருப்பதால் இத்தகைய சேர்வை படையமைப்பு இரட்டை ஐதரொட்சைட்டு எனப்படும்.

படையிலுள்ள மொத்தக் கற்றயன்களில் 3+ அயன்களின் பின்னம் பெரும்பாலும் 0.20 தொடக்கம் 0.33 வரை அமையும். அதனிலும் கூடினால் 3+ ஏற்றமுள்ள அயன்கள் அருகருகே வரவேண்டி நேரும். அவை ஒன்றையொன்று தள்ளுவதால் அமைப்பு உறுதி குன்றும்.

இவ்வகையில் முதலில் அறியப்பட்ட கனியம் ஐதரோதல்சைற்று ஆகும். இது 1842 இல் நோர்வேயில் கண்டறியப்பட்டது. சுவிற்சர்லாந்து இரசாயனவியலாளர் பைற்நெக்ற் 1942 இல் இவ்வகைச் சேர்வைகளை ஆய்வுகூடத்தில் ஆக்கினார். ஐதரோதல்சைற்று இன்று வயிற்று அமிலத்தன்மையைக் குறைக்கும் மாத்திரைகளிலும் பயன்படுகின்றது.

உதாரணம் 1
ஒரு படை அலகில் 4 மகனீசியம் அயன்கள், 2 அலுமினியம் அயன்கள், 12 ஐதரொட்சைட்டு அயன்கள் உள்ளன. நடுநிலையாக்கத் தேவையான (அ) காபனேற்று, (ஆ) நைத்திரேற்று அயன்களின் எண்ணிக்கை யாது?

விடை: படையின் ஏற்றம் = (4 × 2) + (2 × 3) – 12 = +2
(அ) காபனேற்று அயனின் ஏற்றம் 2– ஆதலால் 1 அயன் தேவை.
(ஆ) நைத்திரேற்று அயனின் ஏற்றம் 1– ஆதலால் 2 அயன்கள் தேவை.

கவனிக்க: ஏற்றம் கூடிய காபனேற்று அயன், நைத்திரேற்றைவிட இறுக்கமாகப் படைகளின் இடையே பிடிக்கப்படும். நைத்திரேற்று வடிவம் தேவையெனின், கொதிக்கவைத்துக் காபனீரொட்சைட்டு அகற்றிய நீரைப் பயன்படுத்தி, நைதரசன் வாயுச் சூழலில் ஆக்கவேண்டும்.

3. வீழ்படிவு எப்போது தொடங்கும்?

கரைசலில் உள்ள அயன்களின் அயன் பெருக்கம், கரைதிறன் பெருக்கத்தை விஞ்சும்போது வீழ்படிவு தோன்ற முடியும்.

உதாரணம் 2
ஒரு கரைசலில் மகனீசியம் அயனின் செறிவு லீற்றருக்கு 0.10 மூல், அலுமினியம் அயனின் செறிவு லீற்றருக்கு 0.05 மூல். 25 பாகை செல்சியசில் மகனீசியம் ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கம் 1.0 × 10⁻¹¹ எனவும், அலுமினியம் ஐதரொட்சைட்டின் கரைதிறன் பெருக்கம் 1.35 × 10⁻³³ எனவும் கொள்க. ஒவ்வொன்றும் தனித்தனியே வீழ்படிவாகத் தொடங்கும் பி.எச். பெறுமானம் யாது?

விடை:
மகனீசியம்: (ஐதரொட்சைட்டுச் செறிவு)² = 1.0 × 10⁻¹¹ ÷ 0.10 = 1.0 × 10⁻¹⁰
ஐதரொட்சைட்டுச் செறிவு = 1.0 × 10⁻⁵; ஆகவே பி.எச். = 14 – 5 = 9.0

அலுமினியம்: (ஐதரொட்சைட்டுச் செறிவு)³ = 1.35 × 10⁻³³ ÷ 0.05 = 27 × 10⁻³³
ஐதரொட்சைட்டுச் செறிவு = 3.0 × 10⁻¹¹; ஐதரசன் அயன் செறிவு = 3.3 × 10⁻⁴, ஆகவே பி.எச். = 3.5 (அண்ணளவாக)

ஆகவே காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது அலுமினியம் ஐதரொட்சைட்டே முதலில் தோன்றும். பி.எச். மேலும் உயர, மகனீசியமும் அதனுடன் இணைந்து இரட்டை ஐதரொட்சைட்டு உண்டாகும். இச்சேர்வையின் கரைதிறன் தனி மகனீசியம் ஐதரொட்சைட்டினதிலும் குறைவு. எனவே இது பி.எச். 9 ஐ அடையும் முன்னரே உண்டாகத் தொடங்கலாம்.

4. ஏன் சில வேளை தூள், சில வேளை படலம்?

கற்கண்டு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சீனிப் பாகினுள் நூலைத் தொங்கவிட்டு அசையாமல் ஆறவிட்டால் நூலின் மீது பெரிய பளிங்குகள் வளரும். அதே பாகை விரைவாகக் குளிரவைத்துக் கிளறினால் பாத்திரம் முழுவதும் பொடிச் சீனியாகும். சீனி ஒன்றே, நிரம்பல் நிலையைக் கடந்த அளவே வேறு.

ஐதரொட்சைட்டுக்கும் இது பொருந்தும்.

• அயன் பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தைப் பல மடங்கு விஞ்சினால் கரைசல் எங்கும் ஒரே நேரத்தில் எண்ணற்ற பளிங்குக் கருக்கள் தோன்றும். விளைவு: கலங்கலும் தூளும்.
• சற்றே விஞ்சினால் கரைசலின் நடுவில் கருக்கள் தோன்றுவது கடினம். திண்ம மேற்பரப்பின் மீது தோன்றுவதற்குத் தேவையான சக்தி குறைவு. எனவே கருக்கள் அங்கேயே தோன்றி வளரும். விளைவு: ஒட்டிய படலம்.

ஆகவே படலம் வேண்டுமெனின் இரண்டு வழிகள் உண்டு. ஐதரொட்சைட்டு அயனை மெதுவாக வழங்கலாம். அல்லது மேற்பரப்பில் மட்டும் உண்டாக்கலாம்.

5. மென்படலம் வளர்க்கும் முறைகள்

(அ) யூரியா முறை – மெதுவாக வழங்கல்

தேயிலை மலைக்குப் போடும் யூரியாவை நீங்கள் அறிவீர்கள். மண்ணில் யூரியேசு எனும் நொதியம் அதனைச் சாதாரண வெப்பநிலையிலேயே உடைக்கும். நொதியம் இல்லாத கரைசலில் ஏறத்தாழ 90 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் மெதுவாக உடையும்.

யூரியா + 3 நீர் → 2 அமோனியம் அயன் + காபனீரொட்சைட்டு + 2 ஐதரொட்சைட்டு அயன்

மகனீசியம் நைத்திரேற்று, அலுமினியம் நைத்திரேற்று, யூரியா மூன்றும் கலந்த தெளிந்த கரைசலில் சுத்தமான தகட்டை அமிழ்த்தி, மூடிய பாத்திரத்தில் பல மணி நேரம் சூடாக்குவர். ஐதரொட்சைட்டு அயன் கரைசல் எங்கும் சீராகவும் சிறிது சிறிதாகவும் பிறக்கும். சோடியம் ஐதரொட்சைட்டை ஊற்றும்போது விழும் இடத்தில் பி.எச். திடீரென உயர்வதுபோல் இங்கே உயராது. மேலும் யூரியா தரும் காபனீரொட்சைட்டு காபனேற்றாக மாறிப் படைகளின் இடையே புகும்.

தகடு அலுமினியமாக இருப்பின் இன்னொரு நன்மை உண்டு. தகட்டின் மேற்பரப்பே சிறிது கரைந்து அலுமினியம் அயனைத் தரும். கரைசலில் 2+ அயனை மட்டும் வைத்தாலும் போதும். 3+ அயன் தகட்டிலிருந்து வருவதால் படலம் தகட்டில் வேரூன்றியதுபோல் இறுக ஒட்டும். கூரைத் தகரத்திலும் நாக அயன் தகட்டிலிருந்தே வந்தது என்பதை நினைவுகூர்க.

(ஆ) மின்படிவு முறை – மேற்பரப்பில் மட்டும் உண்டாக்கல்

உலோக நைத்திரேற்றுக் கரைசலில் தகட்டைக் கதோட்டாக வைத்து மின்னோட்டம் செலுத்துவர். கதோட்டில் நைத்திரேற்று தாழ்த்தப்படும்.

நைத்திரேற்று அயன் + நீர் + 2 இலத்திரன் → நைத்திரைற்று அயன் + 2 ஐதரொட்சைட்டு அயன்

ஐதரொட்சைட்டு அயன் கதோட்டின் மேற்பரப்பில் மட்டும் தோன்றுவதால் அங்கே மட்டும் பி.எச். உயரும். கரைசலின் ஏனைய பகுதி தெளிவாகவே இருக்கும். நாகம்–அலுமினியம் இரட்டை ஐதரொட்சைட்டு, நிக்கல் ஐதரொட்சைட்டு ஆகியவற்றின் படலங்கள் இவ்வாறு ஆக்கப்படுகின்றன. சில நிமிடங்களிற் படலம் கிடைப்பது இதன் சிறப்பு.

(இ) கூழ் உலர்த்தல் முறை

முன்னரே ஆக்கிய மிக நுண்ணிய படைத் துணிக்கைகளை நீரிற் கூழாக்கி, கண்ணாடித் தகட்டின் மீது பரப்பி உலரவிடுவர். தட்டையான துணிக்கைகள் சீட்டுக்கட்டைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கும்.

படுத்த படை, நின்ற படை: (இ) முறையில் படைகள் தகட்டுக்குச் சமாந்தரமாகப் படுத்திருக்கும். (அ) முறையில் அலுமினியத் தகட்டின் மீது வளரும்போது நுண்தட்டுகள் பெரும்பாலும் தகட்டுக்குச் செங்குத்தாக, புல்வெளிபோல் நிற்கும். படுத்த படைகள் நீரும் அயன்களும் ஊடுருவுவதைத் தடுக்க ஏற்றவை. நின்ற படைகள் விளிம்புகளையும் கூடிய மேற்பரப்பளவையும் வெளிக்காட்டுவதால் ஊக்கிகளுக்கும் மின்வாய்களுக்கும் ஏற்றவை.

உதாரணம் 3
மின்படிவு முறையில் 10 மில்லியம்பியர் மின்னோட்டம் 965 செக்கன் செலுத்தப்பட்டது. மின்னோட்டம் முழுவதும் நைத்திரேற்றைத் தாழ்த்தப் பயன்பட்டதெனவும், தோன்றிய ஐதரொட்சைட்டு முழுவதும் படலமாயிற்றெனவும் கொண்டு, படிந்த உலோக அயன்களின் மொத்த மூல் அளவைக் காண்க. (பரடே மாறிலி: மூலுக்கு 96 500 கூலோம்)

விடை: மின்னேற்றம் = 0.010 × 965 = 9.65 கூலோம்
இலத்திரன் = 9.65 ÷ 96 500 = 1.0 × 10⁻⁴ மூல்
2 இலத்திரனுக்கு 2 ஐதரொட்சைட்டு; ஆகவே ஐதரொட்சைட்டு = 1.0 × 10⁻⁴ மூல்
படையில் ஓர் உலோக அயனுக்கு 2 ஐதரொட்சைட்டு; ஆகவே உலோக அயன் = 5.0 × 10⁻⁵ மூல்

6. பயன்கள்

• அலுமினியக் கலப்புலோகங்களை அரிப்பிலிருந்து காக்கும் பூச்சு. படைகளின் இடையே அரிப்பைத் தடுக்கும் அனயனை வைத்தால், குளோரைட்டு அயன் உட்புகும்போது அது வெளியேறி உலோகத்தைக் காக்கும்.
• நிக்கல்–இரும்பு இரட்டை ஐதரொட்சைட்டுப் படலம், கார ஊடகத்தில் நீரை மின்பகுக்கும்போது அனோட்டில் ஒட்சிசன் வெளிவருவதற்குச் சிறந்த ஊக்கியாகும்.
• நைத்திரேற்றைப் படைகளின் இடையே வைத்து, மண்ணில் மெதுவாக விடுவித்தல். சரிவான தேயிலை நிலங்களில் நைத்திரேற்று மழைநீரோடு கழுவிச் செல்லப்படுவதை நினைத்தால் இதன் தேவை விளங்கும்.

மெதுவாக வழங்கும் இக்கருத்து நமது நாட்டிலும் ஆராயப்பட்டுள்ளது. 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யூரியாவை ஐதரொட்சியப்பற்றைற்று நனோ துணிக்கைகளுடன் 6 : 1 நிறை விகிதத்தில் இணைத்து, நைதரசனை மெதுவாக விடும் பசளையை ஆக்கினர், இவ்வாய்வு 2017 இல் வெளியாயிற்று. ஐதரொட்சியப்பற்றைற்று கல்சியம் பொசுபேற்று வகையைச் சேர்ந்தது. படையமைப்பு ஐதரொட்சைட்டு அன்று என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

7. செய்து பாருங்கள் (ஆசிரியரின் மேற்பார்வையில்)

மகனீசியம் சல்பேற்றுக் கரைசலை இரு சிறு முகவைகளில் எடுக்க. முதலாவதில் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு ஊற்றுக. இரண்டாவதை, அமோனியாக் கரைசல் உள்ள சிறு கிண்ணத்துடன் பெரிய மூடிய பாத்திரத்தினுள் வைக்க. முதலாவதில் உடனே வெண்ணிற வீழ்படிவு தோன்றும். இரண்டாவதில் அமோனியா மெதுவாகக் கரைவதால், கரைசலின் மேற்பரப்பிலிருந்து சிறிது சிறிதாக வெண்மை தோன்றும். அமோனியா ஆவியைச் சுவாசிக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

8. மாணவர் விடும் தவறுகள்

• "கரைதிறன் பெருக்கத்தை விஞ்சினால் படலம் உண்டாகும்" என எழுதுதல். விஞ்சினால் வீழ்படிவு உண்டாகலாம் என்பதே சரி. படலமா தூளா என்பது எவ்வளவு விஞ்சியது, எங்கே விஞ்சியது என்பதைப் பொறுத்தது.
• அலுமினியம் ஐதரொட்சைட்டுக் கணிப்பில் ஐதரொட்சைட்டுச் செறிவை மும்மடிக்குப் பதிலாக இருமடியாக எடுத்தல்.
• ஐதரொட்சைட்டு அனோட்டில் தோன்றுவதாக எழுதுதல். தாழ்த்தல் நிகழ்வது கதோட்டிலாகும்.
• பி.எச். மிக உயர்ந்தால் நல்லது என எண்ணுதல். அலுமினியம், நாகம் இரண்டினதும் ஐதரொட்சைட்டுகள் ஈரியல்புடையவை. மிகைக் காரத்தில் மீண்டும் கரைந்துவிடும்.

9. பயிற்சி வினாக்கள்

1. ஒரு படை அலகில் 6 நாக அயன்கள், 2 அலுமினியம் அயன்கள், 16 ஐதரொட்சைட்டு அயன்கள் உள்ளன. தேவையான நைத்திரேற்று அயன்கள் எத்தனை? 3+ அயன்களின் பின்னம் யாது?
2. மகனீசியம் அயன் செறிவு லீற்றருக்கு 0.001 மூல் எனின் மகனீசியம் ஐதரொட்சைட்டு வீழ்படிவாகத் தொடங்கும் பி.எச். யாது? (உதாரணம் 2 இன் கரைதிறன் பெருக்கத்தைக் கொள்க.)
3. 20 மில்லியம்பியர் மின்னோட்டம் 1930 செக்கன் செலுத்தப்பட்டால், உதாரணம் 3 இன் எடுகோள்களின்படி படியும் உலோக அயன்கள் எத்தனை மூல்?
4. காபனேற்று உள்ள ஐதரோதல்சைற்றில் ஒரு படையிலிருந்து அடுத்த படைக்கான தூரம் 0.78 நனோமீற்றர். படைகள் சமாந்தரமாகப் படுத்த 156 நனோமீற்றர் தடிப்பான படலத்தில் எத்தனை படைகள் உண்டு?
5. மென்படலம் வளர்க்கச் சோடியம் ஐதரொட்சைட்டை விட யூரியா உகந்தது ஏன்? மூன்று காரணம் தருக.
6. புதிய தகரங்களை மழைக்காலத்தில் எவ்வாறு வைக்கவேண்டும்? இரசாயனக் காரணத்துடன் விளக்குக.

விடைகள்

1. ஏற்றம் = 12 + 6 – 16 = +2; நைத்திரேற்று 2. பின்னம் = 2 ÷ 8 = 0.25.
2. (ஐதரொட்சைட்டுச் செறிவு)² = 1.0 × 10⁻⁸, செறிவு 1.0 × 10⁻⁴, பி.எச். = 10.
3. 38.6 கூலோம், இலத்திரன் 4.0 × 10⁻⁴ மூல். உலோக அயன் 2.0 × 10⁻⁴ மூல்.
4. 156 ÷ 0.78 = 200 படைகள்.
5. ஐதரொட்சைட்டு மெதுவாகத் தோன்றும். கரைசல் எங்கும் சீராகத் தோன்றுவதால் ஓரிடத்தில் மட்டும் பி.எச். உயராது, மிகை நிரம்பல் குறைவாதலால் கருக்கள் கரைசலின் நடுவில் அன்றித் தகட்டின் மீது தோன்றும். (காபனேற்றும் கிடைக்கும் என்பதும் ஏற்கப்படும்.)
6. கூரையின் கீழ், நிலத்திலிருந்து உயர்த்தி, நீர் வடியும்படி சாய்வாக, தகரங்களின் இடையே சிறு கட்டைகள் வைத்துக் காற்றோட்டமாக வைக்கவேண்டும். அப்போது தகரம் உலரும். காபனீரொட்சைட்டு சேர்வதால் ஒட்டிய ஐதரொட்சி காபனேற்றுப் படலம் வளரும். நெருங்கி நனைந்திருந்தால் ஒட்டாத நாக ஐதரொட்சைட்டுத் தூள் உண்டாகி நாகம் வீணாகும்.

நினைவிற் கொள்க

ஆறாம் வினாவின் விடையைப் பரீட்சைத் தாளில் எழுதுவதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டுக் கூரைக்கென வாங்கிய தகரம் வாசலில் அடுக்கப்பட்டிருந்தால், மழைக்கு முன்னர் பெற்றோருடன் சேர்ந்து அதனைப் பிரித்துச் சாய்த்து வையுங்கள். தூளாகிப்போன நாகம் மீண்டும் தகட்டுக்குத் திரும்பாது. உங்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் வசதிகள் குறைவாக இருப்பினும், கரைதிறன் பெருக்கத்தின் செயலைக் காணக் கூரைத் தகரத்தைக் கூர்ந்து பார்த்தாலே போதும்.